கடைசி ஆளுக்குப் பின்னால்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். ஊருக்கெல்லாம் அவர் வால். அந்தப் புண்ணிய நகரத்தை யாத்திரிகர்களுக்குக் காலையில் நடத்தியே சுற்றிக் காட்டுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. முன்னால் வழிகாட்டி கதை சொல்லிக்கொண்டே போவார், வந்தவர்கள் கேட்டுக்கொண்டே போவார்கள். அவர்களுக்கும் பின்னால், ஒருத்தரும் வழிதவறிவிடாமல் பார்த்துக்கொண்டு போகிற ஆள் இவர். கேலிக்கு வைத்த பெயர்தான். நாளாக ஆக மரியாதையும் சேர்ந்துகொண்டு, வால் சார் என்று கூப்பிடுகிறவர்களும் வந்துவிட்டார்கள்.

மனுஷனை ஒரு இடத்தில் உட்கார வைக்க முடியாது. உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊரும். துணிக்கடையில் கல்லாவில் உட்கார வைத்தார்கள். வாசலிலேயே நின்றுகொண்டு, வந்த வாடிக்கையாளரை எதிர்க் கடை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மாமனார் பார்த்துக் கொடுத்த அச்சக வேலையில் ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடும்போதே இரண்டு தரம் எழுந்து தெருவைப் பார்த்துவிட்டு வருவார். உங்க காலுக்குத்தான் வேலை தேடணும், உங்களுக்கு இல்லே என்று தலையில் அடித்துக்கொண்ட அவர் மனைவிதான் இந்த வேலையைக் கண்டுபிடித்து அனுப்பி வைத்தாள். அன்றைக்குப் போனவர் இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறார்.

வழிகாட்டியை எல்லாரும் டீச்சர் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். பின்பக்கமாகவே நடந்துகொண்டு, மாடு வந்தாலும் வண்டி வந்தாலும் கதையை விடாமல் பேசுகிறவர். அவர் பார்ப்பதெல்லாம் முகம். வால் பார்ப்பதெல்லாம் முதுகு. யாருக்குக் கால் வலிக்கிறது என்பதைத் தோள் இறங்குவதை வைத்துச் சொல்லிவிடுவார். புருஷன் பெண்டாட்டி காலையில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்களா என்பதை இரண்டு முதுகுக்கும் நடுவில் விழும் இடைவெளியே காட்டிக் கொடுத்துவிடும். இதிலே அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. என் கையிலே ஒருத்தரும் தொலைஞ்சதில்லே என்று மனைவியிடம் மாதத்துக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவார்.

ஆனால் அந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு முள் இருந்தது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் வயதான அப்பாவோடு வந்தது. படித்துறை நிழலில் அவரை உட்கார வைத்துவிட்டு, இதோ டீ வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று போனவர்கள் திரும்பவே இல்லை. போகிற முதுகுகளை வால் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இருட்டுகிற வரைக்கும் அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், உட்காரவே தெரியாதவர். இப்ப வந்துடுவாங்க, இப்ப வந்துடுவாங்க என்று பெரியவர் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் போலீஸ் வந்து ஏதோ விடுதிக்குக் கூட்டிப்போனது. அன்றிலிருந்து வயதானவர்களோடு வருகிற பிள்ளைகள் யாராக இருந்தாலும் வால் அவர்கள் முதுகை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

அன்றைக்கு வந்த கூட்டத்தில் ஒரு அம்மாவும் மகனும் இருந்தார்கள். மகனுக்கு நாற்பது வயதிருக்கலாம். தோளில் இத்தனை பெரிய பை. அம்மாவின் கையில் ஒன்றுமில்லை. ஒரு நாள் நடைக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு, அதில் இருப்பது யாருடைய துணி என்று வாலின் புத்தி அப்போதே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. போதாததற்கு அவன் டீச்சரிடம், கோயிலுக்கு எத்தனை வாசல், எந்த வாசல் எந்தத் தெருவுக்குப் போகும், பஸ் நிலையத்துக்கு எந்த வழி கிட்டம் என்று துருவித் துருவிக் கேட்டான். சாமி பெயரைக் கேட்கவில்லை, கோபுரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வாசலைப் பற்றியே கேட்டான்.

அந்தம்மா பேச்சுக்கு இனிமையானவர். வேண்டுமென்றே பின்தங்கி வந்து வாலோடு சேர்ந்துகொண்டார். டீச்சர் ஒரு பழைய மண்டபத்தின் முன்னால் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, கோயிலுக்குள்ளே நீங்களும் வருவீங்களா என்று விசாரித்தார். இல்லேம்மா, எல்லாரோட செருப்பையும் பாத்துக்கிட்டு கிழக்கு வாசல்லேயே உக்காந்திருப்பேன், அதுதான் எனக்குத் தண்டனை என்றார் வால். அந்தம்மா சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"நான் நல்லா நடப்பேன் தம்பி. என் பையன் மேலதான் கொஞ்சம் கண்ணு வச்சுக்கங்க."

வாலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாவம், இந்தம்மாவுக்கே தெரிந்திருக்கிறது, வெளியில் சொல்ல வாயில்லாமல் நம்மிடம் வந்து சொல்கிறது என்று நினைத்தார். தலையை மட்டும் அழுத்தமாக ஆட்டினார். அதற்கப்புறம் அவர் வேறு எந்த முதுகையும் பார்க்கவில்லை. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒரு வளையல் கடைக்குள் புகுந்து ஊரையே மறந்திருந்தார்கள். டீச்சர்தான் வந்து இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. இன்னிக்கு உங்களுக்கு என்ன ஆச்சு என்று அவர் கேட்டபோதும் வாலின் கண் அந்த மகன் முதுகிலேயே இருந்தது.

கிழக்கு வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். வால் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். மகன் தன் ஷூவைக் கழற்றி வைத்த இடத்தின் மேலேயே பார்வை. கொஞ்ச நேரத்தில் அவன் மட்டும் தனியாக வெளியே வந்தான். அவசரமாக ஷூவை மாட்டிக்கொண்டு, வாலை ஏறிட்டும் பார்க்காமல், பஸ் நிலையம் போகிற தெருவில் வேகமாக நடந்தான். பை அவன் தோளில்தான் இருந்தது.

வால் செருப்புக் குவியலை விட்டுவிட்டு ஓடினார். இத்தனை வருஷத்தில் அதை விட்டு நகர்ந்ததே கிடையாது. தெரு முனையில் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, மூச்சு வாங்க வாங்க, வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். பெத்தவளை நடுத்தெருவிலே விட்டுட்டுப் போறதுக்கு இத்தனை வாசல் விசாரிச்சியா, உனக்கும் வயசாகும் என்றெல்லாம் கத்தினார். கடைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மகன் திகைத்துப்போய் நின்றான்.

"அம்மாவுக்கு முட்டி வலிக்குதாம். தைலம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. மருந்துக்கடை எங்கே இருக்கு?"

பையைத் திறந்தும் காட்டினான். தண்ணீர் பாட்டில், மடக்கு நாற்காலி, முட்டிப் பட்டை, மாத்திரை, ஒரு சால்வை. அம்மா கூட்டத்தில் தவறிவிடக் கூடாதே என்றுதான் வாசலையெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டதாகச் சொன்னான். வாலுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. மருந்துக்கடைக்குத் தானே கூட்டிப்போய், தைலம் வாங்கிக் கொடுத்து, வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திரும்பினார்.

கிழக்கு வாசலில் கூட்டம் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றது. டீச்சர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். குவியல் இருந்த இடத்தில் ஒரே ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. பழுப்பு நிறம், கட்டை விரல் பதிந்து தேய்ந்தது. அந்தம்மாவுடையது.

உள்ளே ஒரு தூண் விடாமல் தேடிவிட்டார்களாம். மகன் அப்படியே படியில் சரிந்தான். அம்மாவின் கையில் போனும் இல்லை. அவன் வாலைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான். "நீங்க என் பின்னாடி வராம இங்கேயே இருந்திருந்தா எங்கம்மா இருந்திருப்பாங்க." அது சரியா தப்பா என்று யோசிக்கிற நிலையில் வால் இல்லை. அவனை அங்கேயே இருத்திவைக்கும்படி டீச்சரிடம் சொல்லிவிட்டு, செருப்பு ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

 ஆற்றுப் பக்கம் நினைப்பு போனதும் கால் தானாக ஓடியது. அப்புறம் கையிலிருந்த செருப்பைப் பார்த்துத்தான் நிதானத்துக்கு வந்தார். வெயில் ஏறிவிட்டது. வெறுங்காலோடு போகிற வயசான அம்மா கொதிக்கிற கல்லில் எவ்வளவு தூரம் போகமுடியும்? அந்த நேரத்தில் நிழல் விழுவது மேற்கு வாசல் தெருவில் மட்டும்தான். அங்கே பூக்கட்டுகிற பெண்ணிடம் விசாரித்தால், ஆமா, ஒரு அம்மா சுவரோரமா தத்தித் தத்திப் போனாங்க, பாக்கவே சிரிப்பா இருந்துச்சு என்று கையைக் காட்டினாள்.

சந்துக்குள் யாத்திரிகர்கள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. பின்கட்டு ஜன்னலிலிருந்து தையல் மெஷின் ஓடுகிற சத்தம். வால் எட்டிப் பார்த்தார். மலை மாதிரிக் குவிந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவில், மெஷின் முன்னால் ஒரு முதுகு. காலையெல்லாம் கூனிக் கிடந்த முதுகு அது. இப்போது நேராக நிமிர்ந்திருந்தது. இருந்தாலும் அவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா என்ன.

அந்தம்மா திரும்பிப் பார்த்தார். பயப்படவில்லை. "நீங்கதான் வருவீங்கன்னு தெரியும். செருப்பு கொண்டாந்தீங்களா? நல்லதாப் போச்சு, கால் கொப்புளிச்சிருச்சு."

வாலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கே ஒரு பிள்ளை உயிரை விட்டுக்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தையல் தைத்துக்கொண்டிருக்கிறீர்களே என்று சத்தம் போட்டார். அந்தம்மா மெஷினை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். விடுதியை நடத்துவது அவரோடு சின்ன வயதில் படித்த சிநேகிதியாம். தைக்க ஆள் வேண்டும், தங்க அறை தருகிறேன் என்று எப்போதோ சொல்லிவிட்டாளாம். அவர் முப்பது வருஷம் தையல்கடை வைத்து அந்தப் பிள்ளையை வளர்த்தவர். ஒரு தரம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அத்தோடு சரி. மகன் மெஷினை விற்றான். அடுப்பைப் பூட்டினான். கூடத்தில் கேமரா வைத்தான். ஆபீசிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அவர் எழுந்தால் போன் அடிக்கும்.

"அவன் என்னை ஒரு வார்த்தை சுடுசொல் சொன்னதில்லை தம்பி. தங்கமான பையன். அம்மா உக்காரு, அம்மா எழுந்திரிக்காதேன்னுதான் சொல்லுவான். மூணு வருஷமா உக்காந்தே இருக்கேன்."

வாலுக்கு அதற்கு மேல் கத்த வரவில்லை. மூன்று வருஷம். அவரால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு உட்கார முடியாது. கால் இரண்டும் தரையில் நிலைகொள்ளாமல், சொல்லிட்டு வந்திருக்கலாமே என்று மட்டும் முணுமுணுத்தார்.

"எத்தனையோ தரம் சொல்லிட்டேன். சொன்னா அழறான். அவன் அழுதா நான் உக்காந்துடுவேன்." அந்தம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது. "இப்ப அவன் மூஞ்சியைப் பாத்தா எழுந்து அவன் பின்னாடியே போயிடுவேன். கூட்டிட்டு வராதீங்க. சாயங்காலம் நானே போன் பண்ணி எல்லாம் சொல்றேன்."

வால் செருப்பை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்தார். வருகிற வழியில்தான் வாழ்க்கையிலேயே முதல் தரமாக அவருக்கு மெதுவாக நடக்கவேண்டும் போலத் தோன்றியது. பொய் சொல்லத் தெரியாது. உண்மையைச் சொல்லவும் தெம்பில்லை. எப்போதும் பின்னால் நின்றே பழகியவர், அன்றைக்கு ஒருத்தனின் முகத்துக்கு நேராகப் போய் நிற்கவேண்டியிருந்தது.

நின்று சொன்னார். அம்மா பத்திரமாக இருக்கிறார்கள், தானாகத்தான் போனார்கள், வரமாட்டேன் என்கிறார்கள், சாயங்காலம் பேசுவார்கள். மகன் எழுந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். எங்கே என்று சொல்லு, எங்கே என்று சொல்லு என்று உலுக்கினான். டீச்சர் வந்து விலக்கப் பார்த்தார். வால் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உலுக்கலை வாங்கிக்கொண்டார். உலுக்கி ஓய்ந்து, அவருடைய காலியான கைகளைப் பார்த்த பிறகு அவன் குரல் மாறியது.

"செருப்பு போட்டுக்கிட்டாங்களா?"

"போட்டுக்கிட்டாங்க தம்பி."

"என்ன பண்ணிட்டிருக்காங்க?"

"தைச்சுக்கிட்டிருக்காங்க."

அவன் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தான். பிறகு பையிலிருந்து மாத்திரையையும் முட்டிப் பட்டையையும் சால்வையையும் எடுத்து, அன்று வாங்கிய தைலத்தையும் சேர்த்து வாலின் கையில் திணித்தான். ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒன்று என்றான். மடக்கு நாற்காலியை எடுத்தவன், என்ன நினைத்தானோ, திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தான்.

டீச்சர் மிச்சப் பேரைக் கூட்டிக்கொண்டு படித்துறைக்குக் கிளம்பினார். வாருங்கள் என்று கூப்பிட்டார். வால் போகத்தான் திரும்பினார். ஆனால் கண் அந்த முதுகை விட்டு வரமாட்டேன் என்றது. காலி மாதிரித் தொங்கும் பை, சரிந்த தோள். அவன் தெருவைக் கடக்கும்போது இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. ஒரு ஸ்கூட்டர் கிறீச்சென்று நின்றது. ஓட்டியவன் திட்டியதுகூட அவன் காதில் விழவில்லை.

அப்போதுதான் வாலுக்கு உறைத்தது. மகன் மேல் கண் வைக்கச் சொன்னது, தன் பார்வையைத் திருப்பிவிட அந்தம்மா போட்ட தந்திரம் என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார். தந்திரமும்தான். ஆனால் அது மட்டும் இல்லை. டீச்சருக்குக் கையைக் காட்டிவிட்டு அவன் பின்னால் நடந்தார். கொஞ்ச தூரம் விட்டே நடந்தார், வேலையில் நடப்பது போல. பஸ் நிலையத்து வாசலில் அவன் சட்டென்று திரும்பினான். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"இன்னும் என்ன சார்? எதுக்கு என் பின்னாலேயே வர்றீங்க?"

"ஒண்ணுமில்லே தம்பி. உங்கம்மா பாத்துக்கச் சொன்னாங்க."