நாச்சிமுத்துவிடம் நான் சொன்ன பொய்

மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்து ஆசிரியரின் மைத்துனர் வாசலில் வந்து நின்றார். "மாமன் போயிட்டாருங்க" என்றார். இராசிபுரத்தில் அவரோடு பணியாற்றியவர்களும் அவரிடம் படித்தவர்களுமான நீங்கள் இந்த நினைவு இதழில் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசுவீர்கள். நான் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் இருவருக்கும் நீரிழிவு ஒரே மாதத்தில் தெரிந்தது. சேலத்து டாக்டர் சோற்றையும் கிழங்கையும் நிறுத்திவிட்டு முட்டை, கறி, நெய் சாப்பிடச் சொன்னார். நாச்சிமுத்து குடியானவர் வீட்டுப் பிள்ளை, அப்படியே செய்தார். நான் கறி தொடாத நெசவாளர் வீட்டுக்காரன். உள்ளூர் வைத்தியர் சொன்னபடி கீரை, அவரைக்காய், பாகற்காய், கொஞ்சம் சாமைச்சோறு என்று இருந்தேன்.

"ரெண்டுல எது நல்லதுன்னு நாமளே பாத்துப்போமுங்க. ஆனா உள்ளத உள்ளபடி சொல்லோணும்" என்றார் அவர்.

டாக்டர் கொடுத்த நீல மருந்தில் சில சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். மிகுந்திருந்தால் செங்கல் நிறமாகிவிடும். திங்கட்கிழமைதோறும் வீட்டில் சோதித்துவிட்டுப் பள்ளியில் சொல்லிக்கொள்வோம். அவருக்குப் பெரும்பாலும் பச்சை, இரண்டுக்கும் நடுவில். "இன்னிக்கும் பச்சைதானுங்க" என்று மறைக்காமல் சொல்வார். எனக்கு முதல் மாதம் நீலம். அதன்பின் செங்கல். பத்தியத்தின் பெருமையை ஊரெல்லாம் பேசியிருந்த நான், "நீலம்" என்றே சொல்லி வந்தேன்.

உலகப் போர் வந்தது. சர்க்கரைக்குப் போடும் இன்சுலின் ஊசிமருந்து சேலத்திலேயே கிடைக்கவில்லை. அவர் காலில் ஒரு புண் ஆறாமல் நின்றது. "கறியும் நெய்யும் கொமட்டுதுங்க. புண்ணும் ஆறல. உங்களுக்கு மாசக்கணக்கா நீலம். நானும் உங்க வழிக்கே வாரேனுங்க" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். "செய்யுங்க" என்றேன்.

இரண்டே மாதத்தில் கால் கறுத்தது. பார்க்கப் போனேன். அவர் மனைவி பாவாயி சாமைச்சோற்றைக் கீரையோடு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு நல்லாயிருச்சாமுல்லங்க, இவருக்கும் ஆயிருமுங்க" என்றார். பாவாயி உள்ளே போனதும் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கும் செவப்புத்தானுங்களா? இத்தன நாளும் தனியாவா பயந்துட்டுக் கெடந்தீங்க?" என்றார்.

நான்காம் நாள் அந்தச் செய்தி வந்தது.

கீரையின் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கறியோடேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதும் தெரியாது. தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்த ஒரே வழியை நான் கெடுத்தேன். இப்போது எதைச் சாப்பிடுவது என்று தெரியாமல் இலைமுன் உட்கார்ந்திருக்கிறேன். பாவாயியிடம் இன்னும் சொல்லவில்லை. இது அச்சாகும் முன் போய்ச் சொல்ல வேண்டும், கால் வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் கடைசியாகக் கேட்ட கேள்விதான். அதில் கொஞ்சமாவது கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.