டைப் ஜீரோ செல்வராணி

இந்த நேரத்தில் உங்கள் போன்களை ஒலிக்க விடுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் நெற்றியை நாலாவது முறை தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நம் செல்வராணி இறந்துவிட்டாள் என்று மாலையில் ரஃபீக் நம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அஞ்சலி பேனரில் பேட்டைப் பெயரைச் சேர்த்து 'டெலானிபூர் செல்வராணி' என்று போடப்போகிறீர்களாம். நம் ஒன்பதாம் வகுப்பு மறந்துவிட்டதா?

வெள்ளைக்காரன் காலத்தில் காற்று வரும் மேட்டில் அதிகாரி, கீழே கைதி என்று பாடம் நடத்திய சமூக அறிவியல் மிஸ், சுவரில் ஊர் வரைபடத்தை ஒட்டி, "இப்போது யார் எங்கே? அவரவர் வீட்டைக் குறியுங்கள்" என்றார். மேலே பெரிய அதிகாரிகளின் டைப் ஃபைவ் அரசு குவார்ட்டர்ஸ். இறங்க இறங்க எண்ணும் இறங்கியது. நான் டைப் டூ. செல்வராணி பேனாவோடு நின்றாள். அவள் அப்பா சாத்தம் படகுத்துறையில் மூட்டை தூக்கினார். குவார்ட்டர்ஸுக்குக் கீழே ஓடையோரத்தில் அவர்கள் தகரக் கொட்டகை. வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை.

"டைப் ஒன் என்று போடும்மா" என்றார் மிஸ்.

"டைப் ஒன்னுக்கு வீட்டுக்குள்ள குழாய் உண்டு மிஸ். நாங்க டைப் ஜீரோ."

"அரே, ஜீரோ!" என்று முதலில் சிரித்தது நான்தான். சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு பச்சையின் மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, 'டைப் ஜீரோ' என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு கொட்டகையாக வரைந்து பெயர் எழுதினாள்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முன் யாரோ அதைக் கிழித்துவிட்டார்கள். மறுநாள் புதுத்தாள் இருந்தது, சோற்றுப் பசையில். "கிழிக்கட்டும்டி. எங்க வீட்ல நாளைக்கும் சோறு வடிப்போம்ல?"

போன மாதம்கூட சாத்தம் படகு டிக்கெட் கவுன்ட்டருக்குள்ளிருந்து கத்தினாள்: "டைப் டூ மேடம்! கைக்குழந்தையோட எதுக்கு லைன்ல நிக்கிறீங்க? முன்னாடி வாங்க!" வரிசையே திரும்பிப் பார்த்தது. வெட்கப்பட்டது நான் மட்டும்.

பேனரில் என்ன போடலாம் என்று அவள் அம்மாவிடம் போனில் கேட்டேன். "அவ என்ன எழுதினாளோ அதையே போடுங்கம்மா. மறைக்க என்ன இருக்கு?" என்றார்.

மறைப்பது நாம்தான். அந்தத் தாளை இன்னொரு முறை கிழிக்க விடமாட்டேன். அவளுடையதாக என்னிடம் இருப்பது, நான் சிரித்த அந்த ஒரு சொல். பாப்பாவுக்கு அதைச் சிரிக்காமல் சொல்லித்தருவேன்.

பேனரில் 'டைப் ஜீரோ செல்வராணி' என்றே இருக்கட்டும். காலை எட்டு மணிக்கு அச்சுக்குப் போகிறது. சம்மதமா இல்லையா, சீக்கிரம் பதில் போடுங்கள்.