வெயில் வரட்டும் என்றேன்

ரஞ்சன்குடிக் கோட்டைச் சரிவில் கால் வழுக்கிய அன்றுதான் எனக்குப் பனிச்சறுக்கு ஆசை வந்தது. போலீஸ் தேர்வு ஓட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த தோழி தேன்மொழியையும் இழுத்துக்கொண்டு மார்ச் கடைசியில் இமயமலைக்குப் போனேன்.

"காலையிலேயே வந்துவிடுங்கள். சீசன் முடிகிற நேரம், மதியம் பனி இளகிவிடும்" என்றார் பயிற்சியாளர். எனக்கோ போர்வையை விட்டு வர மனமில்லை.

"குளிருக்குன்னே ரயிலேறி வந்துட்டு இப்ப நடுங்குறியேடி" என்றாள் தேன்மொழி.

"வெயில் வரட்டும்டி, நல்லாருக்கும்."

மதியம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பயிற்சியாளர் கிளம்பிவிட்டிருந்தார். நாங்களாகவே இறங்கினோம். சேறாய் இளகிய பனியில் அவளுடைய சறுக்குப்பலகை புதைந்து நின்றது. உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. அவளைக் கீழே கொண்டுவருவதற்குள் மேகம் மூடி, பனி கொட்டத் தொடங்கியது.

ஓட்டத் தேர்வன்று அவள் பெரம்பலூரில் கட்டிலில் கிடந்தாள். பார்க்கப் போனேன்.

"வெயில் நல்லா அடிக்குது. சந்தோஷமா?" என்று கேட்டாள்.

இப்போதெல்லாம் விடியுமுன் எழுந்துவிடுகிறேன். ஜனவரியில் மறுபடி மலைக்குப் போவேன், காலையிலேயே சறுக்குவேன். அதற்கு முன் ஒன்று இருக்கிறது. டாக்டர் அவளை நடக்கச் சொல்லியிருக்கிறார். நாளை விடிகாலையில் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, மைதானத்துக்குக் கூப்பிடப் போகிறேன். திறப்பாளா என்று தெரியவில்லை.