இருபது வரை எண்ணத் தெரிந்த பிள்ளை

கருவடிக்குப்பத்தில் பேச்சுப் பயிற்சி கிளினிக் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருபவர்கள், "ஆட்டிசத்த எப்படி மேடம் சீக்கிரம் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டால் இந்தக் குடும்பத்தைப் பற்றித்தான் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் கோபம் வரும்.

மூன்று வயதை நெருங்கும் பையன். அப்பாவும் தாத்தாவும் நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். பையை மாட்டிக்கொண்டு அம்மா நின்றாள். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். எங்கள் ஊரில் சொல்தா என்போம்.

"வீட்ல தமிழு, பிரெஞ்சு, இங்கிலீஷுன்னு மூணு ஓடுது. அதான் பேச லேட்டாவுது. மத்தபடி மூளக்காரன், பாருங்க" என்ற தாத்தா, பிரெஞ்சில் எண்ணச் சொல்லி "அன்" என்று எடுத்துக்கொடுத்தார்.

"தெ, த்ருவா..." பையன் யாரையும் பார்க்காமல், பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருபது வரை ஒப்பித்தான். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"தண்ணி வேணும்னா எப்படிக் கேப்பான்?" என்றேன்.

"கேப்பான்" என்றார் அப்பா.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"கேக்கமாட்டான் மேடம். என் கையப் புடிச்சி இழுத்துட்டுப் போயி ஃபில்டர் மேல வைப்பான். மூஞ்சப் பாக்கமாட்டான். வெரல நீட்டி எதையும் காட்டனதில்ல. பேர் சொல்லிக் கூப்புட்டா திரும்பலன்னு மொத பொறந்தநாளப்பவே சொன்னேன்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

டாக்டர் ஒருவர், "ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும், வெயிட் பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டாராம். கணவர், "நீதான் ஃபோனக் குடுத்துக் கெடுத்துட்ட" என்றாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே இருப்பவள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் அப்போதே வந்திருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

பையனைப் பின்னாலிருந்து கூப்பிடுமாறு தாத்தாவிடம் சொன்னேன். கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். பையன் சக்கரத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் பிஸ்கட் பாக்கெட்டை லேசாகக் கசக்கினேன். சட்டென்று திரும்பினான்.

தாத்தா மருமகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மருமவ சொன்னப்ப, ஒனக்குக் கூப்புடத் தெரியலன்னேன்" என்றார்.

காதுப் பரிசோதனைக்கும் குழந்தை வளர்ச்சி டாக்டரிடமும் அனுப்பினேன். காது நன்றாக இருந்தது. ஆட்டிசம் என்று உறுதியானது. பயிற்சி தொடங்கிச் சில மாதங்கள் கழித்து ஒருநாள், ஜன்னலுக்கு வெளியே நின்ற தண்ணீர் லாரியை நோக்கி விரலை நீட்டினான். நீட்டிவிட்டுத் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

அவள் அழுதுவிட்டாள். "இத முன்னாடியே பாத்திருக்கலாமா மேடம்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கும் வராது. அதனால், இனி யார் வந்தாலும் முதல் நாற்காலியை அம்மாவுக்குப் போடுங்கள்.