நெஸ்டர் எடுத்த மூடி

நெஸ்டர் பிலிப்சுக் எங்கள் ஊருக்கு வந்து மூன்று குளிர்காலம் ஆகியிருந்தது. கனடாவில், மானிட்டோபாவின் இந்த மூலையில் அது ஒரு கணக்கே இல்லை. முப்பது வருடம் இருந்தவரையே 'புதுசா வந்த ஆள்' என்போம். இவரோ வாய் திறக்காத மெக்கானிக். வடக்கே சுரங்கத்தில் லாரிகளைப் பார்த்தவர், ஐம்பது வயது, கல்யாணம் இல்லை. சுரங்கத்தை ஏன் விட்டார் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். நான் திருட்டு என்று வைத்திருந்தேன்.

ஆனால் அவருடைய கராஜுக்குப் பூட்டே கிடையாது. பன்னிரண்டு மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே இருக்கும் காபிக் கடைக்குப் போவார். மூலை மேஜையில் உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை மாதிரியான பெரோகியை ஒரு தட்டு வெங்காயத்தோடு சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குத் திரும்புவார். எந்தத் திருடன் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவான் என்று நான் யோசித்ததில்லை.

அந்த வருடம் என் மனைவி வெர்னாவுக்கு ஜனவரியில் பிரசவம். ஆஸ்பத்திரி ஐம்பது மைல். முந்தைய பிரசவத்தில் வண்டி கிளம்பாமல், பக்கத்துப் பண்ணைக்கு ஓடி வண்டி கேட்டு, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. இன்ஜினை இரவெல்லாம் கரண்ட் ஹீட்டரில் சூடாக வைக்காவிட்டால் மைனஸ் நாற்பதில் அது வெறும் கல். தெற்கிலிருந்து நான் வாங்கி வந்த பிக்கப்பில் ஹீட்டரே கிடையாது. அதனால் அக்டோபரில் வண்டியை நெஸ்டரிடம் விட்டேன். விட்டேன் என்றா சொன்னேன்? கூடவே நின்றேன்.

இன்ஜினின் பக்கவாட்டில் காசு போல வட்டமாகத் தகர மூடிகள் இருக்கும், ஃப்ரீஸ் பிளக் என்பார்கள். இன்ஜினுக்குள் ஓடும் கூலன்ட் திரவத்தை வடித்துவிட்டு ஒரு மூடியின் ஓரத்தில் தட்டினால் அது குறுக்கே திரும்பும். இடுக்கியால் இழுத்து எடுத்து, அந்த ஓட்டையில் ஹீட்டரைப் பொருத்த வேண்டும். சோம்பேறி மெக்கானிக் ஓங்கி அடித்து மூடியை உள்ளே தள்ளிவிட்டு அப்படியே விட்டுவிடுவான். அதனால் எடுத்த மூடியை வண்டிக்காரன் கையில் கொடுப்பது எங்கள் வழக்கம். கைக்கு வரவில்லையென்றால் அது இன்ஜினுக்குள் கிடக்கிறது என்று அர்த்தம்.

"போய் காபி குடிச்சிட்டு வா லாய்ட். நீ பாக்குறதால வேலை சீக்கிரம் முடியாது."

"பரவாயில்ல நெஸ்டர், இங்கயே நிக்கிறேன்."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் அவர் முதுகுதான் தெரிந்தது. மூன்று தட்டு கேட்டது. மூடியை நான் பார்க்கவில்லை. பன்னிரண்டு அடித்ததும் அவர் சாப்பிடப் போனார். நான் மேஜை, தரை, வாளி எல்லாம் துழாவினேன். மூடி இல்லை. ஹீட்டரின் வயர் மட்டும் வண்டியின் முன்னால் தொங்கியது. ஹீட்டராவது நல்லதா? சுவரில் இருந்த ஒரே சாக்கெட்டில் அவருடைய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு வயரைச் செருகிக் காதை வைத்தேன். நல்ல ஹீட்டர் என்றால் கெட்டில் முனகுவது போல ஒரு சத்தம் வரும். ஒரு சத்தமும் வரவில்லை. லேசாகக் கருகல் வாடை வந்தது. மட்டமான சரக்கு, ஆளைப் பிடித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான் வந்தது. வயரைப் பிடுங்கிப் போட்டேன்.

நெஸ்டர் வந்தார். அணைந்த விளக்கைப் பார்த்தார், அதைத் திரும்பச் செருகினார். பிறகு கேனை எடுத்து ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்ற ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லாதபோது கரண்ட் கொடுத்தால் ஹீட்டர் கருகிவிடும். எங்கள் ஊரில் இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூடியைத் தேடிய அவசரத்தில் நான் அதைப் பார்க்கவில்லை.

அவர் ஊற்றி முடித்து, வயரைச் செருகிக் காத்திருந்தார், முனகல் வரவில்லை. மறுபடி எல்லாவற்றையும் வடித்து ஹீட்டரைக் கழற்றினார். கம்பி கருத்திருந்தது.

"நான் இல்லாதப்ப இங்க யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரல. சரக்கு மோசமா இருக்கும்."

"இருக்கும்," என்றார்.

மறுநாள் வேறொரு ஹீட்டர் வாங்கி வந்து மாட்டினார். அதற்குக் காசு வாங்கவில்லை. மூடியைக் கேட்க எனக்கு முகமில்லை.

"பழைய மூடி எங்க?" என்றாள் வெர்னா.

"குடுக்கல."

"அப்ப உள்ளதான் கெடக்கு. அந்த ஆளு முழியே சரியில்ல."

அதையே காபிக் கடையில், தானியக் கிடங்கு ஹார்வியிடம் சொன்னேன். முதல் ஹீட்டர் மட்டம், இரண்டாவதைக் காசு வாங்காமல் சும்மா மாட்டினான், மூடி கைக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்குள் நெஸ்டரின் வாசலில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் விடியலில் வெர்னாவுக்கு வலி எடுத்தது. மைனஸ் நாற்பத்தொன்று. முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. பாதி வழியில் கைக்குட்டை தேடி டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தவள் ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தாள். ஓரம் வளைந்த ஒரு மூடி, கருகின ஒரு ஹீட்டர், ஒரு துண்டுச் சீட்டு. சீட்டை வாய்விட்டுப் படித்தாள்.

"'உன் மூடி. கூடவே, கூலன்ட் ஊத்துறதுக்கு முன்னாடி யாரோ செருகின ஹீட்டர்.' யாரு லாய்ட் செருகினது?"

நான் ரோட்டைப் பார்த்தேன். அடுத்த வலி வந்து போனது. விடவில்லை அவள்.

"யாரு?"

"நான்தான்."

அவள் பொட்டலத்தைத் திரும்பக் கட்டி, ஆஸ்பத்திரி வரை கையிலேயே வைத்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது.

அடுத்த வாரம் காபிக் கடையில், மூலையில் நெஸ்டர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, மூடியையும் கருகின ஹீட்டரையும் ஹார்வியின் மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். ஹார்வி சிரித்தான்.

"சும்மா மாட்டிக் குடுத்தான்னு நீதானடா சொன்ன? மடியில கனம் இல்லாதவன் எதுக்குச் சும்மா மாட்டணும்?"

"செருகினது நான்னு சொல்றேன்ல."

"சரிப்பா, நீதான். புள்ள பொறந்த சந்தோஷத்துல இப்ப எல்லாரும் நல்லவங்க."

கடையே சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நெஸ்டர் எழுந்து என்னருகே வந்தார்.

"பொண்ணு எப்படியிருக்கா?"

"நல்லாருக்கா."

"சரி."

அந்த வசந்தத்தில் அவர் கராஜுக்குப் பூட்டு வந்தது. இப்போதும் ஒவ்வொரு அக்டோபரும் வண்டியை அவரிடம்தான் கொண்டுபோகிறேன். பன்னிரண்டு அடித்ததும் என்னை வெளியே வரச் சொல்லி, கதவைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போவார். அவர் எதிரே போய் உட்கார எனக்கு முகமில்லை. ஒரு மணி வரை வாசலிலேயே நிற்பேன்.