மேடையைப் பிரித்த புனிதா

புனிதாவுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது என்ற செய்தி, அந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் மலேசியாவின் கிள்ளானில் பாதி வீடுகளுக்குப் போய்விட்டது. பெரியம்மா மாரியாயி மைலோ டின்னும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு அழுத கண்ணோடு வந்து கதவைத் தட்டினார். திறந்தவள் புனிதாவேதான், கையில் தோசைக் கரண்டியோடு.

"பிரிக்பீல்ட்ஸ்ல உன்னைய சக்கர நாற்காலியில வச்சு உன் வீட்டுக்காரரு அழகிரி தள்ளிக்கிட்டுப் போனாராமே?"

"அது ஆபீஸ் வேலை, பெரியம்மா. உள்ள வாங்க, தோசை சூடா இருக்கு."

மாரியாயிக்கு விளங்கவில்லை. வேலை என்றால் இப்படியுமா என்று நமக்கும் தோன்றும். ஆனால் புனிதா அப்படித்தான். முதுமையின் உயிரியலை ஆராயும் ஒரு பல்கலைக்கழகப் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. செல்கள் ஏன் மூப்படைகின்றன என்று கேட்டால், "டாக்டரைக் கேளுங்க" என்று கையைக் காட்டிவிடுவாள். ஆனால் மாநாடு நடத்த வேண்டுமென்றால் டாக்டர்கள் எல்லாரும் அவள் மேசையைத்தான் தேடி வருவார்கள். இதுவரை பதினொரு மாநாடுகள். பதினொன்றிலும் மேடைக்குப் பக்கத்தில் திரையோரமாக நின்று, யாருக்குப் பூச்செண்டு, யாருக்குத் தண்ணீர் என்று கண்ணால் ஏவிக்கொண்டிருந்தவள். ஒரு தடவைகூட மேடையில் ஏறியதில்லை. யாரும் கூப்பிட்டதில்லை.

இது பன்னிரண்டாவது மாநாடு. எல்லாரும் எந்தத் தடையும் இல்லாமல் கலந்துகொள்ளலாம் என்று அழைப்பிதழில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். போடுவதற்கு என்ன, கையா வலிக்கிறது? தொடக்க உரைக்கு அழைக்கப்பட்டவர் மதுரையைச் சேர்ந்த ரோகிணி. வயதாக ஆகத் தசை ஏன் வலுவிழக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அவர் எழுதிய பதில் நேரே புனிதாவிடம் வந்தது.

"இதுவரை நான்கு மாநாடுகளில் என்னை நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். சபை கைதட்டியது. நான் தலை குனிந்திருந்தேன். அங்கேயும் அப்படித்தான் என்றால் நான் வரவில்லை."

புனிதா யாரையும் கேட்கவில்லை. "உங்களை யாரும் தூக்க மாட்டார்கள். நான் பொறுப்பு" என்று அனுப்பிவிட்டாள். 

அதனால்தான் அந்த ஞாயிறு ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, அதில் தானே உட்கார்ந்து, மாநாடு நடக்கப்போகும் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தைக் கதவு கதவாகச் சோதித்தாள். கழிப்பறை வாசலில் சக்கரம் மாட்டிக்கொண்டது. பிறகு அந்தக் கதவையே மாற்ற வைத்தாள். மேடை இரண்டு அடி உயரம். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் அழகிரிக்குச் சரிவுப் பலகை தெரியாத விஷயமா?

"ஒரு அடி உசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும். குறைஞ்சா அவங்களால தானா ஏற முடியாதுலா."

இருபத்து நான்கு அடி என்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடும் போட்டு, மண்டப அலங்காரம் செய்யும் சுகுமாறனிடம் கொடுத்தாள்.

மாநாட்டு நாள் காலை ஆறரைக்கு மண்டபத்தில் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேடைக்குச் சாய்த்திருந்த பலகை ஆறே அடி. அதன் மேல் மெத்தென்று சிவப்புக் கம்பளம், மேல்முனையில் பூ வளைவு.

"அக்கா, முழு நீளம் போட்டா, திறந்து வைக்க வர்ற டத்தோவுக்குச் சோபா போட இடமில்ல. அதான் நீளப் பலகைய கொண்டுவரல. எல்லாக் கல்யாணத்துக்கும் நான் இதுதான் போடுறேன். பொண்ணு மாப்பிள்ள அழகா ஏறிடுவாங்க," என்றான் சுகுமாறன்.

அவனைத் திட்டி என்ன பயன்? டத்தோ என்று பட்டம் வாங்கியவருக்கு முன்வரிசையில் சோபா, மேடையில் தனி நாற்காலி என்பது நாம் எல்லாருமாகச் சேர்ந்து வளர்த்த பழக்கம்தானே.

பிரிவுத் தலைவர் டாக்டர் இராமலிங்கம் நெற்றியைத் தடவினார். "நாலு பேரா சேர்ந்து தூக்கிடலாம், புனிதா. ஒரு நிமிஷ வேலை."

"தூக்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்திருக்கேன், டாக்டர்."

"வேற என்ன வழி இருக்கு?"

புனிதா மேடையைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். "மேடை வேணாம். பிரிச்சிடலாம்."

"டத்தோ எங்க உக்காருவாரு?"

"எல்லாரும் உக்கார்ற இடத்துலதான். அவரு கோவிச்சுக்கிட்டா என்னையக் கூப்பிட்டுக் காட்டுங்க."

 டாக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "சுகு, ஸ்பானர் கொண்டா," என்றார்.

எட்டரைக்குள் மேடை இருந்த இடம் வெறும் தரையானது. சோபாக்கள் வெளியே போயின.

ஒன்பது மணிக்கு டத்தோ வந்தார். எழுபத்து நான்கு வயது. மேடையைத் தேடினார். டாக்டர் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் டத்தோ மலாயில் சிரித்தபடி சொன்னார்: இரண்டு முட்டியிலும் அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டதாம், எந்த விழாவுக்குப் போனாலும் படிகளைக் கண்டால் தனக்கு நடுக்கமாம். முதுமைக்கென்று மாநாடு கூட்டிவிட்டு, வயதானவரைப் படியேற்றப் பார்த்திருக்கிறோம்!

ரோகிணி தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஒலிவாங்கி வரை போனார். அதைத் தன் உயரத்துக்கு இறக்கினார். "என்னை இன்று யாரும் தூக்கவில்லை. நேராக ஆராய்ச்சிக்கு வருகிறேன்," என்று தொடங்கினார். திரையோரத்தில் நின்ற புனிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தண்ணீர்ப் போத்தல்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் நிறைவு விழா. நன்றி சொல்ல எழுந்த டாக்டர் இராமலிங்கம், பழக்கதோஷத்தில், "இந்த மாநாட்டை நடத்தியவர் புனிதா. அவரை மேடைக்கு அழைக்கிறேன்," என்றார்.

சபை ஒரு கணம் விழித்தது. பிறகு பின்வரிசையில் யாரோ சிரிக்க, மண்டபமே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அதன் பிறகு பதினான்கு நாட்டு விஞ்ஞானிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரோகிணி நாற்காலியைச் சற்று நகர்த்தித் தன் பக்கத்தில் இடம் விட்டார்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். மேடையைத்தான் அவளே பிரித்துப் போட்டிருந்தாளே. புனிதா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சமதரையில் நேராக நடந்து போய் ரோகிணியின் பக்கத்தில் நின்றாள்.