பனிமலையில் எட்டாம் வேற்றுமை

ஆக்லாந்தில் பனி பெய்யாது. குளிர்காலம் என்றால் இங்கே மழை, காயாத துணி, படுக்கையறைச் சுவரில் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சை, அவ்வளவுதான். பனியைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே ருவாப்பெஹு மலைவரை காரை விரட்ட வேண்டும். லின்ஃபீல்டில் எங்கள் வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பினால் பத்து மணிக் காபிக்கு அடிவாரத்தை எட்டிவிடலாம். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அப்படிப் போய், ஸ்னோஷூ மாட்டிக்கொண்டு நாங்களே நடந்து, பிறகு ஸ்லெட் என்ற சறுக்குப்பலகையில் உட்கார்ந்து சறுக்கிவிட்டு வருவது என்பது என் திட்டம். வழிகாட்டியோடு போகலாமே என்றார் கணவர். எனக்கு யாராவது முன்னால் நின்று "இப்படி வா, அப்படிப் போ" என்றால் பிடிக்காது. சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பது என் உத்தியோகம். அந்த வழிகாட்டியையாவது விட்டுவைப்போம் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

காரில் மூன்று பேர். ஓட்டுபவர் என் கணவர், யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்தில் நான், திருச்சி. பின் சீட்டில் அவருடைய முதல் கல்யாணத்து மகள், பன்னிரண்டு வயது, பிறந்து வளர்ந்ததெல்லாம் ஆக்லாந்து.

எனக்கும் அவருக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியிருந்தது. ஒரே மொழிதானே, என்ன சிரமம் என்று நினைத்துத்தான் கழுத்தை நீட்டினேன். "நீர் சாப்பிட்டீரே?" என்று அவர் முதல் தடவை கேட்டபோது, என் தலையில் கிரீடம் ஏதும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நண்பர் ஒருவரிடம் "இவ என்ர மனிசி" என்று என்னை அறிமுகம் செய்தார். 'இவ'வா என்று அன்று முழுக்க முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் பக்கத்தில் அது மரியாதைச் சொல்லாம். எங்கள் பக்கத்தில் குழாயடிச் சண்டையில்தான் அது வரும்.

இதெல்லாம் சிரித்துக் கடந்துவிடக்கூடிய விஷயங்கள். மகள் விஷயம் அப்படி இல்லை. அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டு வேற்றுமை படித்தோமே, அதில் எட்டாவது விளி வேற்றுமை, அதாவது ஒருவரைக் கூப்பிடுவது. என்னைப் பொறுத்தவரை அவளிடம் ஏழுதான் இருந்தது. என்னைப் பற்றிப் பேசுவாள், என்னோடும் பேசுவாள், கூப்பிட மாட்டாள். ஆங்கிலம் அதற்கு வசதியாக இருந்தது. 'யூ' என்று ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். பெரியவர், சின்னவர், வேண்டியவர், வேண்டாதவர், எல்லோருக்கும் ஒரே 'யூ'.

அம்மா என்ற பதவி காலியாக இல்லை. அவளுடைய அம்மா மெல்போர்னில் சௌக்கியமாக இருக்கிறார், வாரக் கடைசியில் இரண்டு பேரும் வீடியோவில் மணிக்கணக்காகச் சிரிக்கிறார்கள். நான் அதற்கு மனுப் போடவும் இல்லை. 'சின்னம்மா' என்று சொல்லிப் பார் என்றார் கணவர். அவள் வாயைத் திறக்கவில்லை. 'சித்தி' எனக்கே பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கதைகளில் சித்தி என்றாலே அடுப்பில் கரண்டியைக் காய்ச்சிக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு தடவை 'ஆன்ட்டி' என்றாள். எங்கள் தெரு டெய்ரியில் பால் விற்கும் குஜராத்தி அம்மாளையும் அவள் அப்படித்தான் அழைக்கிறாள்.

வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அது வலித்தது. எதையாவது சொல்லி என்னைக் கூப்பிட்டால் போதும் என்று இருந்தது. மலைக்குப் போகலாம் என்று நான் குதித்ததே அதற்காகத்தான். வீட்டில் என்றால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், மலையில் எந்தக் கதவைச் சாத்துவாள்?

வழி முழுக்கப் பழைய கதைதான். தண்ணீர் பாட்டில் என் மடியில் இருந்தது. அவள், "அப்பா, வாட்டர்" என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, "பிள்ளைக்குத் தண்ணி வேணுமாம்" என்றார். நான் கையைப் பின்னால் நீட்டிக் கொடுத்தேன். "தேங்க் யூ" வந்தது. ஆக, ஒரு அடி தூரத்தைக் கடக்கத் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்.

அடிவாரத்தில் வாடகைக் கடை ஒன்றில் ஸ்னோஷூ எடுத்தோம். முறத்தைக் காலில் கட்டிக்கொண்ட மாதிரி ஒரு சாமான், அடியில் இரும்புப் பல். காலை அகட்டி வைத்து நடக்க வேண்டும், பின்பக்கமாக நடக்கக் கூடாது, ஓடவே கூடாது என்று கடைப் பெண் செய்து காட்டினாள். பிறகு இரண்டு ஊன்றுகோல்களை மகளிடம் நீட்டி, "இதை உன் அம்மாவிடம் கொடு" என்றாள்.

"இவங்க என் அம்மா இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் அவள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கோபித்துக்கொண்டு ஆறியிருப்பேன். எழுத்துப்பிழையைத் திருத்துவது போல, சாதாரணமாகச் சொன்னாள். பிழையும் இல்லை, உண்மைதானே. கடைப் பெண்தான் காதுவரை சிவந்துபோனாள். நான் குனிந்து, சரியாகக் கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

ஆனால் மலையில் ஏறியதும் மனசு தானாகவே லேசாகிவிட்டது. பாதை நெடுக இடைவெளி விட்டுக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததைப் பார்த்து நடந்தால் போதும், தொலைந்துபோக வழியில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. பனி காலடியில் நறநறவென்று நொறுங்கியது. மகள் முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். நான் அவளைப் பிடித்துவிடும் உத்தேசத்தில் நடையை எட்டிப் போட்டேன். பின்னால் கணவர், வாடகை ஸ்லெட்டைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு, தேருக்குப் பின்னால் வருகிறவர் மாதிரி வந்தார்.

"ஆறுதலா நடவும்," என்று கத்தினார். "எங்க ஓடப் போகுது மலை?"

'ஆறுதலா' என்றால் அவர்களுக்கு 'மெதுவாக'. கல்யாணமான புதிதில் அவர் "ஆறுதலா வாரும்" என்றபோது, "எனக்கு எதுக்குங்க ஆறுதல்? யாரு செத்துட்டா?" என்று கேட்டிருக்கிறேன். இப்போது பழகிவிட்டது. பழகினாலும் மெதுவாக நடப்பது என் ஜாதகத்தில் இல்லை. மகளுக்கும் இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். அவளும் அப்பாவின் குரலைக் கேட்டு நடையைக் கூட்டினாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு பாறையின் மறைவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி கொண்டு போயிருந்தேன். திருச்சியிலிருந்து எந்த ரயில் ஏறினாலும் எங்கள் வீட்டில் அதுதான் கட்டுவார்கள். ரயிலுக்குச் சரியாக வரும் இட்லி, பனிமலைக்குச் சரிப்படவில்லை. ஒன்றை எடுத்துப் பாறையில் தட்டினேன், டொக்கென்றது. கணவர் கரிசனத்தோடு ஃபிளாஸ்க்கைத் திறந்து, "தேத்தண்ணியில நனைச்சுச் சாப்பிடுவம்" என்றார். இட்லியைத் தேநீரில் தோய்த்தார் அந்த மனிதர். மகள் முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தாள், நானும் அதே முகத்தோடு அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சறுக்கும் சரிவு கீழே, கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஆக்லாந்து முழுக்க வந்திருந்தது போல ஒரே கூட்டம், வண்ண வண்ண ஸ்லெட்டுகள். மகள் ஸ்லெட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள். கணவர் பாதிச் சரிவில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இன்னும் ஸ்னோஷூவைக் கழற்றாமல் அடியில் ஒரு ஓரமாக நின்றேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சறுக்கல் நன்றாகத்தான் வந்தது. இரண்டாவதில் ஸ்லெட் நடுவழியில் திரும்பிக்கொண்டது. முதுகைக் காட்டியபடி, ஓரத்தில் கட்டியிருந்த ஆரஞ்சு வலையைப் பார்த்து அவள் பறந்தாள்.

"ஐயோ, அம்மா! அம்மா!"

"உன் மகள் கூப்பிடுகிறாள்" என்றார் அந்த வெள்ளைக்கார அம்மா பதறிப்போய்.

அவருக்கு எப்படி விளக்குவது? தமிழில் அது யாரையும் கூப்பிடுவது ஆகாது. பல்லி மேலே விழுந்தாலும் அம்மாதான், காலில் முள் குத்தினாலும் அம்மாதான். அறுபது வயது ஆண்பிள்ளைகூட பஸ் சடன் பிரேக் போட்டால் அப்படித்தான் கத்துவார். அவள் என்னைக் கூப்பிடவில்லை, மெல்போர்னையும் கூப்பிடவில்லை. இத்தனையும் என் மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. ஓடினேன்.

முறத்தைக் கட்டிக்கொண்டு ஓடினால் என்ன ஆகும்? ஒரு முறத்தின் மேல் இன்னொரு முறம் ஏறியது. நான் கை இரண்டையும் விரித்துக்கொண்டு குப்புற விழுந்தேன். வாயெல்லாம் பனி, மூக்கெல்லாம் பனி. எழுந்திருக்கப் பார்த்தால் கால் இரண்டும் பின்னிக்கொண்டு வர மறுத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஸ்லெட் வலையில் மெத்தென்று முட்டி நின்றிருந்தது. அவள் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து, என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கமிருந்து கணவரும் வந்துகொண்டிருந்தார், ஆறுதலாகத்தான்.

சுற்றிலும் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். வெளியிடத்தில் மானம் போகிற நேரத்தில் இங்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் தானாக வந்துவிடும். மற்றவர்களுக்குப் புரியாதே, அதனால்தான். அவள் என் தலைமாட்டில் குந்தி, சிரிப்பை அடக்க முடியாமல் கிசுகிசுத்தாள்.

"எழும்பு, எல்லாரும் பாக்கினம். நீ ஏன் ஓடினனீ?"

நான் அப்படியே கிடந்தேன். கணவர் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் பெற்ற தாயைக்கூட 'நீங்கள்' என்றுதான் சொல்வார்கள், 'வாங்கோ, இருங்கோ' என்றுதான் கதைப்பார்கள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"வடிவாக் கதை, பிள்ளை. என்ன அது 'நீ'? பெரியாக்களோட இப்பிடியே கதைக்கிறது?"

அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் காரணமே இல்லாமல் திட்டுகிறார் என்பது போல இருந்தது அவள் முகம்.

"இவ தன்ர அம்மாவை 'நீ' எண்டுதானே சொல்லுறவ," என்றாள். "ஃபோனில. எவ்ரி டே."

சொல்கிறேன்தான். 'நீ சாப்பிட்டியா? நீ மாத்திரை போட்டியா?' என்று தினமும் சாயங்காலம் சமையலறையில் நின்று திருச்சியோடு கத்துகிறேன். அவள் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு காதில் எதையோ மாட்டியபடி உட்கார்ந்திருப்பாள், இதெல்லாம் அவளுக்குக் கேட்கிறது என்றே நான் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு 'நீங்க'. மாமா, அத்தை, வாத்தியார், பஸ் கண்டக்டர், எல்லோருக்கும் 'நீங்க'. பெரியவர்களில் 'நீ' அம்மா ஒருத்திக்குத்தான். நல்லவேளை, முகம் ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

கணவர் கையிலிருந்த ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு வருஷமாக அவளிடம் நான் நாக்கை அளந்து அளந்துதான் பேசியிருக்கிறேன், வாம்மா, சாப்பிடும்மா என்று, விருந்தாளியிடம் பேசுவது போல. என் வாயில் எப்போதும் வரும் சொல்லை, என் அம்மா என்னிடம் சொல்லும் சொல்லை, அவளிடம் ஒருநாளும் சொல்லத் துணிந்ததில்லை.

"சிரிச்சது போதும், கையக் குடுடீ" என்றேன்.

கொடுத்தாள்.